ஐந்தடி அஸ்திவாரம்

அக். 9, வியாழன்

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை. அலைக்குளத்து வடிகட்டியில் இன்று ஒரு கொலுசு, ஒரு மேல்வரிசைப் பல்செட். கொலுசைக் கேட்டு வந்தார்கள். பல்லைக் கேட்டு யாரும் வரவில்லை.

பைபாஸுக்கு அந்தப் பக்கம் வேல்முருகன் போர்டு வைத்துவிட்டான். 'பேரலைப் பூங்கா'. நம்முடைய தண்ணீர்ப் பூங்காவின் பெயர் அலைப் பூங்கா. என்னிடம் மூன்று வருடம் மேனேஜராக இருந்தவன், என் வீட்டுக்காரி செண்பகத்தின் கூடப்பிறந்த தம்பி. சொந்தமாக ஒரு பெயர் வைக்க வக்கில்லை. அம்புக்குறி வேறு. வால் என் கேட்டில், முனை அவன் கேட்டில்.

போகும்போது கொண்டுபோனவை:
– லைஃப்கார்டு இரண்டு பேர்
– புரோட்டா மாஸ்டர்
– டூர் கூட்டி வரும் வாத்தியார்களின் நம்பர் எழுதிய நோட்டு
– பீரோவில் இருந்த பெரிய சறுக்கின் பிளான்
– என் தூக்கம்

பிளானைத் தொட்டதே இல்லை என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நாசமாய்ப் போவான் என்றேன். செண்பகம் இரண்டு நாள் பேசவில்லை.

அக். 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் பாதிக் கூட்டம்தான். எல்லாரும் அவன் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். திறப்பு 19-ம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள்.

சாயங்காலம் பைக்கில் அவன் வேலியோரம் போனேன். சும்மா பார்க்கத்தான். சறுக்குக் கோபுரம் எழும்பி நிற்கிறது. அதே உயரம், அதே வளைவு, அதே மஞ்சள் பெயின்ட். வெளியூர்க் கொத்தனார் ஒருவர் பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றார். அஸ்திவாரம் எத்தனை அடி என்று கேட்டேன்.

"பிளான்ல அஞ்சடி, அண்ணாச்சி. அஞ்சடிதான் தோண்டுனோம். ஒரு இஞ்சு மாத்தக் கூடாதுன்னுட்டாவ."

வீடு வரும்வரை சிரித்தேன். அது திருத்தாத பிளான். எங்கள் கோபுரமும் முதலில் ஐந்தடிதான். முதல் மழைக்குக் கரிசல் மண் உப்பி, கோபுரம் ஒரு சாண் சாய்ந்தது. பிரித்துப் போட்டு, சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டினோம். பதினாலடி. அதை யாரும் தாளில் எழுதவில்லை. 'சுக்கான் தட்டுத வரைக்கும் தோண்டுலே' என்று வாயால் சொன்னதோடு சரி. வேல்முருகன் வேலைக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம்.

கடற்கரை மணலில் வளர்ந்தவன். வெடிப்பு விட்டு இறுகிக் கிடக்கிற கரிசல் அவன் கண்ணுக்குப் பாறைதான். நாகலாபுரத்தில் மிளகாய் போடுகிற எந்த வீட்டிலும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் சொல்ல மாட்டேன். திருடியதைத் திருடியபடியே கட்டியிருக்கிறான். சாமிகூட இவ்வளவு கச்சிதமாகக் கூலி கொடுக்காது.

அக். 16, வியாழன்

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. விளாத்திகுளம் பஸ்ஸில் வந்தவர்கள் அங்கே இன்னும் பலம் என்கிறார்கள். பூங்காவில் ஆளே இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு டீ. பிறகு ஒரு வெங்காய பஜ்ஜி.

ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் போன். நாற்பது பிள்ளைகள், வருடம் தவறாமல் நம்மிடம் வருவார்கள்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. தீபாவளி கழிச்சு பிள்ளையள அங்கன கூட்டிட்டுப் போறோம். ஆளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வேற தாராவளாம்."

"தாராளமா போங்க சார்" என்றேன். செண்பகம் பக்கத்தில் நின்றாள். என் பெருந்தன்மையைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

அக். 17, வெள்ளி

தூறல். மோட்டார் பெல்ட் மாற்ற வேண்டும்.

மத்தியானம் வேல்முருகன் வீட்டுக்கு வந்தான். தாம்பூலத் தட்டு, மகள் மீனாவுக்குப் பட்டுப்பாவாடை. என்னைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினான்.

"சறுக்குல மொத ஆளா எறங்குதது நம்ம மீனாதான்க்கா. தாய்மாமன் நான் இருக்கும்போது வேற யாரு எறங்குவா?"

மீனா ஒரே குதி. பத்து வயது. பாவாடையை அப்போதே கட்டிப் பார்த்தாள்.

கிளம்பும்போது, "அத்தான், நீங்களும் வரலாம்" என்றான். வரலாமாம்.

"கோபுரம் நேரா நிக்குதா மாப்ள?"

"ஒங்களுதவிட நேரா நிக்குது."

ராத்திரி தூக்குக்குண்டைத் தேடி எடுத்து வைத்தேன்.

அக். 18, சனி

காலையில் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு அவன் இடத்துக்கே போனேன். மேல் கம்பியில் நூலைக் கட்டி விட்டுப் பார்த்தேன். நாலு விரல் சாய்வு. முந்தாநாள் மழைக்கே நாலு விரல். அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வயித்தெரிச்சல் அத்தான் ஒங்களுக்கு. திறப்பு விழாவக் கெடுக்கதுக்குன்னே வந்துருக்கீங்க."

"ஏலே, இறங்கப் போறது எம்பிள்ளை. சுக்கான் வரைக்கும் போகணும். அஞ்சடி பத்தாது."

நூலைப் பார்த்தான். தூணைப் பார்த்தான். மறுபடி நூலை.

"பிளான்ல அஞ்சடிதான அத்தான் போட்டிருந்துச்சு" என்றான்.

பிளானைத் தொட்டதே இல்லை என்றவன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். பொய் சொல்வானேன், இனித்தது. பைபாஸைத் தாண்டும்வரை இனித்தது.

அக். 19, ஞாயிறு

மத்தியானம்வரை மழை. திறப்பு விழா நடந்தது, சறுக்கைச் சுற்றிக் கயிறு கட்டி, படியைத் தார்ப்பாயால் மூடி. நான் போகவில்லை. செண்பகம்தான் குத்துவிளக்கு ஏற்றினாள். மூன்று மணிக்குக் கோபுரம் இன்னும் சாய்ந்து மோட்டார் ரூம் மேல் படுத்துக்கொண்டதாம். ஓடு உடைந்ததோடு சரி. மீனா அந்த நேரம் புரோட்டா தின்றுகொண்டிருந்தாளாம்.

செண்பகம் வந்ததும் முறுக்குக்கு எண்ணெய் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"அது அஞ்சடின்னு ஒங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

"நேத்து காலையிலதான்."

"அதான. வாத்தியார்ட்ட தாராளமா போங்கன்னு சொன்னீங்களே. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களா" என்று அச்சில் மாவை அழுத்தினாள். அவள் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. முதல் முறுக்கை ஆறவைத்து எனக்குத்தான் கொடுத்தாள்.

12-ம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று இந்த நோட்டை எடுத்தேன். சந்தோஷத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்திலும் பதிந்து கிடக்கிறது. அதற்கடுத்ததிலும்.