பதினேழாம் ஆணியின் கோட்டு

1757, மார்ச் 3, வியாழன்

வெயில் வந்ததால் பிரபுவின் படைச் சீருடை அறையைத் திறந்து கோட்டுகளை முற்றத்தில் உலர்த்தினேன். நீலத் துணி, சிவப்பு மடிப்பு. முப்பத்து நான்கு ஆணி, முப்பத்து நான்கு கோட்டு. பூச்சி அரித்தவை மூன்று, ஒட்டுப் போட்டுவிடலாம். பதினேழாம் ஆணியில் இருப்பது கிலியானுடையது. போன மாதம் நெஞ்சுச் சளியில் செத்தான். கோட்டைக் கழற்றிக்கொண்டுதான் புதைத்தோம். ஆறடி ஆள்.

மார்ச் 12

பிரஷ்ய மன்னருக்கு எதிராக ஜெர்மன் பேரரசின் படைக்கு ஆள் அனுப்ப உத்தரவு. ஒரே படைக் கம்பெனிக்கு மூன்று எஜமானர்கள்: எங்கள் பிரபு முப்பத்து நான்கு பேர், மடத்துத் தலைவி அம்மாள் ஒன்பது பேர், ராவுட்லிங்கன் நகரம் கேப்டனும் முரசுக்காரனும். எங்களிடம் ஒரு இடம் காலி. புதுத் துணி ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை. இது ஏழாவது வருடம். ஆகவே வழக்கம்போல, கோட்டு யாருக்குச் சேர்கிறதோ அவன்தான் போக வேண்டும்.

அப்பொலோனியா சூப்பைக் கிளறுவதை நிறுத்தினாள். "ஏங்க, கிலியான் உசரத்துக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

எங்கள் மகன் வெண்டல் அப்போதுதான் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தான்.

மார்ச் 14

கிலியான் கோட்டை வெட்டிவிட்டேன். கீழே நான்கு விரல், கையில் மூன்று. தோளிலும் பிடித்துத் தைத்தேன். மிஞ்சியதை அடுப்பில் போட்டேன். பூச்சி தின்றது என்று சொல்லிக்கொள்ளலாம். சீருடைக்குக் காவலாக இருந்த இருபத்திரண்டு வருடத்தில் பிரபுவின் துணியில் நான் கை வைத்தது இதுதான் முதல் முறை.

வெண்டலுக்கு இனி சேராது. அப்படியானால் யார் போவது? யாரோ ஒருவன்.

மார்ச் 27, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோவில் வாசலில் கோட்டைப் போட்டுப் பார்த்தார்கள். சார்ஜெண்ட் பூர்க்ஹார்ட் விளிம்பைத் தடவிப் பார்த்தான். "மெல்கியோர் அண்ணே, உங்க ஊர்ப் பூச்சி நூல் பிடிச்சுத் திங்குமோ?" சிரித்தான், அதற்கு மேல் கேட்கவில்லை.

வெண்டலுக்குக் கோட்டு முழங்கைக்கு மேல் ஏறவில்லை. "டேய், இது உனக்குக் கோட்டு இல்லடா, கழுத்துத் துணி!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பன்னிரண்டாவது ஆள் கூடை முடையும் மத்தேஸ். எல்லாப் பொத்தானும் மாட்டிக்கொண்டன. கல்யாணமாகி ஐந்து மாதம். "என் கல்யாணத்துக்கே இரவல் கோட்டுதான். இப்ப பாருங்க, பிரபுவே அளவெடுத்துத் தச்ச மாதிரி!" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். அவன் மனைவி வால்புர்கா சிரிக்கவில்லை.

யாரோ ஒருவன் இல்லை. மத்தேஸ்.

ஏப்ரல் 3

மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஏப்ரல் 18

முட்டாள். கோட்டை நினைத்தேன், வரிசையை நினைத்தேனா?

இன்று மூன்று இடத்து ஆட்களும் சேர்ந்து நின்ற முதல் அணிவகுப்பு. ஒவ்வொரு வரிசையிலும் வலது ஓரத்தில் நெட்டையன், இடது கடைசியில் குட்டையன். கிலியான் எங்கள் வலது ஓரம். மத்தேஸை அங்கே நிறுத்த முடியாது. இடது கடைசிக்குத் தள்ளினார்கள். இப்போது எங்கள் முதல் ஆள் மடத்து முதல் ஆளின் காது வரைதான் வந்தான். மடத்துக் காரியஸ்தர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உங்க பிரபுவோட படை நல்லாத்தான் இருக்கு. தலைய மட்டும் எங்கயோ வச்சுட்டு வந்துட்டாங்க போல."

பிரபுவின் முகம் சிவந்தது. இன்றே ஒரு நெட்டையன் வேண்டும் என்றார். துணி இல்லை என்றேன். தன் சாரட்டு வண்டியின் நீலத் திரையைக் கழற்றச் சொன்னார்.

அப்படியானால் மத்தேஸை வீட்டுக்கு அனுப்பலாமே என்று பூர்க்ஹார்டிடம் கேட்டேன். "எழுதின பேரை யாருண்ணே அழிப்பா? முப்பத்தஞ்சாவே போகட்டும்."

வெண்டலின் பெயரை எழுதியது என் கைதான். பதிவேடு என்னிடம்தானே இருக்கிறது.

ஏப்ரல் 20

திரைத் துணி மெல்லியது, குளிர் தாங்காது. உள்ளே பழைய கம்பளியை வைத்துத் தைத்தேன்.

"அப்பா, கை ஏன் இப்படி நடுங்குது? ஊசி குத்துதுப்பா."

பக்கத்து அறையிலிருந்து அப்பொலோனியாவின் குரல்: "வெட்டறப்ப நடுங்கலையே."

தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து?

மே 9

போனார்கள்.

செப்டம்பர் 16

வெண்டலின் கடிதம். மூன்று நாளாக ரொட்டி இல்லையாம் — நகரத்து ரொட்டி வண்டி நகரத்துக் கேப்டனுக்கும் முரசுக்காரனுக்கும் மட்டும்தானாம். எங்கள் வண்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மழையில் கோட்டு சாயம் போய்விட்டது. அவனைச் 'சாரட்டு' என்று கூப்பிடுகிறார்கள். துப்பாக்கி மூன்று ஊரில் செய்தவை, ஒருவன் குண்டு இன்னொருவன் குழாயில் போகாது. "அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருக்கிறான்.

அம்மா என்னிடம் பேசி ஐந்து மாதமாகிறது.

நவம்பர் 28

இந்த மாதத் தொடக்கத்தில் நடந்த சண்டையில் செத்தவர்களின் பட்டியல் வந்தது. கோவில் வாசலில் வாசிக்க வேண்டியவன் நான். பதினோரு பெயர். நான்காவது மத்தேஸ். ஒன்பதாவது —

வாசித்தேன். குரல் உடையவில்லை. ஏன் உடையவில்லை?

டிசம்பர் 2

வால்புர்கா வந்தாள். இடுப்பில் நான்கு மாதக் குழந்தை, கையில் கறுப்பு ரொட்டி. எங்களுக்காகச் சுட்டதாம். அப்பொலோனியா எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பார்த்தேன். சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"அண்ணே, உங்களுக்குத்தான் வரிசையெல்லாம் தெரியும். எங்க வீட்டுக்காரரும் உங்க வெண்டலும் பக்கத்துல பக்கத்துலதானே நின்னிருப்பாங்க? கடைசில ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா?"

வலது ஓரத்தில் ஒருவன், இடது ஓரத்தில் ஒருவன். நடுவே முப்பத்து மூன்று பேர்.

"ஆமாம்மா, பக்கத்துலதான்" என்றேன்.

என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.