ஏழு இல்லாத பலகை

ஜூன் 3, செவ்வாய்

பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இந்த நோட்டை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். நானே தொடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் ரேலியில் அப்பாவுக்கு ஆறாவது இடம். போன வருடம் இதே மண் சாலையில் முதலிடம். எப்போதும்போல ஸ்டியரிங்கில் அப்பா, பக்கத்து இருக்கையில், அடுத்த வளைவு எது என்று சொல்லும் நோட்ஸோடு அம்மா. கார் மாறவில்லை, டயர் மாறவில்லை. எது மாறியது?

வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் பெஞ்சில் உட்காருகிறவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கொடுக்கு. அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "உங்கப்பா ரேலி ஓட்டறாரா, ஸ்கூல் வேன் ஓட்டறாரா? வேன்னா சொல்லு, எங்க தெருவுல ஒரு ஸ்டாப் போடச் சொல்றேன்."

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் பேசுவாள்.

ஜூன் 5, வியாழன்

ரசிகர்கள் எழுதும் பக்கத்தை அம்மாவின் பழைய போனில் ஒளிந்து படிக்கிறேன். படிக்கக் கூடாது என்று தெரியும். புண்ணைச் சொறிகிற மாதிரிதான் இதுவும்.

"போன அக்டோபர்ல கார் உருண்டப்பவே தைரியமும் உருண்டு போச்சு" என்று ஒருவர். "பிரேக் மிதியைக் கட்டிக்கிட்டுத் தூங்கறார்" என்று இன்னொருவர். சோபாவில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்பாவைவிட வேகம்.

ஸ்டாப்வாட்ச் என்ற பெயரில் எழுதுகிறவர்தான் பயங்கரம். அவர் திட்டுவதில்லை. காருக்குள் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு வளைவுக்கும் நேரம் போட்டுப் பட்டியல் தருகிறார். இன்று போட்டது இது: இடது வளைவுகளில் அப்பாவைவிட வேகமானவர் யாரும் இல்லை. இழந்த பதினொரு விநாடியும் வலது வளைவுகளில் போனவை. ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தார். "பயத்துக்கு இடது வலது தெரியுமா?"

நாலு முறை படித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

யார் இந்த ஸ்டாப்வாட்ச்? இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர் நமக்கு நெருங்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. மெக்கானிக் மாமா மேல் சந்தேகம். கூடவே இன்னொரு சந்தேகம்: காரில் ஏதோ கோளாறு, அதை அவர் மறைக்கிறார்.

காலையில் டீ கொண்டுபோகிற சாக்கில் ஷெட்டுக்குப் போனேன். மாமா காரின் வலது பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கார்ல ஏதாவது பிரச்சினையா மாமா?"

"காரு தங்கம்."

"அப்புறம் ஏன் இந்தக் கண்ணாடி?"

ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். அது அவர் கையிலேயே இருந்தது. "உங்கம்மா மாத்தச் சொன்னாங்க. எனக்கென்ன தெரியும். டீல சக்கரை போட்டியா, மறந்துட்டியா?"

அம்மாவா?

ஜூன் 10, செவ்வாய்

இன்று முழுக்க வேவு பார்த்தேன். எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேஜையில் அம்மா எப்போதும் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்காருவாள். சில மாதமாக அப்பாவின் வலது பக்கம் உட்காருகிறாள். இதை எப்படி இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தேன்?

அம்மா தண்ணீர் எடுக்க எழுந்தபோது உப்பு ஜாடியை எடுத்து அப்பாவின் வலது கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டினேன். சும்மா நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு சாண் தூரம்தான்.

"குட்டி, அந்த உப்பை எடு" என்றார், மேஜையைத் தடவிக்கொண்டே.

கையில் வைத்திருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் கீழே வைத்தேன்.

கார் உருண்டபோது வலது கண்ணுக்கு மேலேதான் நாலு தையல் போட்டார்கள். மேல்காயம்தான், கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். யார் சொன்னது? அம்மா.

ஜூன் 12, வியாழன்

பள்ளி அரை நாள். வீட்டுக்கு வந்தபோது மாடியில் அம்மாவின் குரல் கேட்டது. வீட்டுக் குரல் இல்லை, கார்க் குரல். காருக்குள் அம்மாவுக்கு வேறு தொண்டை. ஏற்ற இறக்கம் இல்லாமல், நிற்காமல், அழுத்தமாக வரும். "வலது நாலு, நூறு, இடது ரெண்டு, வெட்டாதே" என்று. எண் சிறுத்தால் வளைவு கூர்மை, நூறு என்றால் நேராக நூறு மீட்டர், வெட்டாதே என்றால் வளைவின் உள்விளிம்பில் ஏறாதே. "வீட்ல நான் சொன்னா காதுல வாங்க மாட்டார், கார்ல சொன்னா மறுபேச்சு கிடையாது" என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள்.

ஆனால் இன்று படித்ததில் இடது இல்லை. வலது இல்லை. தூரம் இல்லை. வெறும் எண்கள்.

"நாலு, ஒன்னு, ஆறு, ஒன்னு, அஞ்சு."

அப்பா திருப்பிச் சொன்னார். சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"மறுபடி" என்றாள் அம்மா.

கதவைத் தட்டாமலே இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

அம்மா கடைக்குப் போனதும் நோட்ஸ் புத்தகத்தை எடுத்தேன். அதை யாரும் தொடக் கூடாது என்பது இந்த வீட்டின் முதல் சட்டம். அம்மா மையில் எழுதுவாள். அப்பா ஆபத்தான இடங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஆச்சரியக்குறி போடுவார். ஒன்று போட்டால் கவனம். இரண்டு போட்டால் ஆபத்து. மூன்று என்றால் இங்கே தவறினால் திரும்பி வர முடியாது.

கடைசிப் பக்கத்தில் சாலையின் பெயர் இல்லை. முதல் வரியில் ஒரு எண், அடுத்ததில் இரண்டு, அப்படியே ஆறு வரிகள். பக்கத்தோடு சேர்த்துக் கண் மருத்துவமனைச் சீட்டு இரண்டு குத்தியிருந்தது. ஒன்று அம்மாவுடையது, போன வாரத் தேதி. இன்னொன்று அப்பாவுடையது, பதினேழாம் தேதி. ரேலி உரிமம் புதுப்பிக்க இரண்டு பேருக்குமே கண் பரிசோதனை உண்டு.

புரிந்துவிட்டது. அம்மா முதலில் போய், சுவரில் இருந்த எண் பலகையை மனசில் ஏற்றிக்கொண்டு வந்து எழுதியிருக்கிறாள். ஒரு மலைச் சாலையையே அப்படிக் கொண்டுவருகிறவளுக்கு ஒரு பலகை எம்மாத்திரம். வலது கண்ணால் பார்க்க முடியாததை அப்பா காதால் ஓட்டப் போகிறார்.

இருபத்தெட்டாம் தேதி மலை ரேலி. அதில் பள்ளத்தின் விளிம்பில் ஒரு வலது இருக்கிறது. திரும்பினால் சாலை, இல்லையென்றால் காற்று.

ஒரே காரில் இரண்டு பேரும்.

ஜூன் 14, சனி

யாரிடம் சொல்வது? ஸ்டாப்வாட்சிடம் சொன்னால் ஊரே சொல்லும். மாமாவுக்குத் தெரிந்தே இருக்கிறது, வாய் திறக்க மாட்டார். அப்பாவிடம் "எனக்கு பயமா இருக்குப்பா"ன்னு சொல்லிடலாமா? பயம்ங்கற வார்த்தையை அவர்கிட்ட எப்படிச் சொல்றது. ஊரே அதைத்தானே சொல்லுது.

ஜூன் 16, திங்கள்

செய்துவிட்டேன்.

ஐந்தாவது வரி. அதைச் சரியாகச் சொன்னால் தேர்ச்சி என்று சீட்டிலேயே போட்டிருந்தது. 4 1 6 1 5. அம்மாவின் பேனாவையே எடுத்து இரண்டு ஒன்றுக்கும் மேலே ஒரு கோடு இழுத்து ஏழாக்கிவிட்டேன்.

அம்மா எழுதியிருப்பதைத்தான் படிப்பாள். அப்பா கேட்டதைத்தான் ஓட்டுவார். நோட்ஸைத் திருத்துகிறவன் கொலைகாரன் என்று அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

என்னையும் பள்ளியில் இறக்கிவிடுவதாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்பாதான் ஓட்டினார், நான் பின்னால். அம்மா புத்தகத்தைப் பிரித்து, நான் இருப்பதால், கணக்குப் பார்க்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

"நாலு, ஏழு, ஆறு…"

நிறுத்தினாள். ஒரு மூச்சு அளவுதான்.

"மறுபடி" என்றார் அப்பா.

"நாலு, ஏழு, ஆறு, ஏழு, அஞ்சு. ஏழுதான் எழுதியிருக்கேன்." அவள் குரலிலேயே சந்தேகம்.

சிக்னலில் சிவப்பு. அப்பா புத்தகத்தை வாங்கினார். தலையை வலப் பக்கம் கொஞ்சம் திருப்பி, இடது கண்ணால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஷூ லேஸைப் பார்த்தேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"சரி" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பள்ளி வாசலில் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன், அவர்களுக்கோ நேரமாகிவிட்டது. என்னையும் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா அறைக் கதவைச் சாத்தவில்லை. வெளி பெஞ்சில் நானும் அம்மாவும். இடது கண்ணை மூடிக்கொண்டு அப்பா முதல் நாலு வரியைத் தடங்கலில்லாமல் சொன்னார். அப்புறம் அதே வேகத்தில்:

"நாலு, ஏழு, ஆறு, ஏழு, அஞ்சு."

பிறகு டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "சார், இந்தப் பலகையிலேயே ஏழு கிடையாது."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

"இன்னொரு பலகை வைக்கறேன், படிங்க."

அப்பா படிக்கவில்லை. "வேணாம் டாக்டர். ஒன்னும் தெரியல" என்றார். எட்டு மாதத்தில் முதல்முறையாக வெளியாள் ஒருவரிடம் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது அம்மா ஓட்டினாள். பாதி வழியில், "நான் தப்பா எழுதிட்டேனா? இத்தனை வருஷத்துல ஒரு எண் தப்பினதில்ல" என்று அழ ஆரம்பித்தாள்.

"நோட்ஸ்ல தப்பில்ல. எழுதியிருந்ததைப் படிச்சே. அதானே உன் வேலை" என்றார் அப்பா. புத்தகத்தை டாஷ்போர்டுக்குள் வைத்து மூடினார்.



ஜூன் 21, சனி

அப்பா விலகிவிட்டார் என்று செய்தி. காரணம் சொல்லவில்லை. "ஓடிட்டார்", "சொன்னேன்ல", "பயந்தாங்கொள்ளி". நூற்றுக்கும் மேல். ஸ்டாப்வாட்ச் ஒன்றும் எழுதவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை?

ஜூன் 28, சனி

மலை ரேலி. மூன்று பேரும் வீட்டில். மழை. அப்பா டி.வி.யைப் போடவில்லை. கதவு தட்டினால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது எனக்கு. ஆனால் இரண்டு பேரும் வீட்டில்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சின்ன ரேலி, பயிற்சி ஓட்டம் மாதிரி. முதல்முறையாக அம்மா ஸ்டியரிங்கில். பக்கத்து இருக்கையில் அப்பா. அந்த இருக்கைக்கு ஒரு கண் போதுமாம், டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருவன், "பாரு, பொண்டாட்டி ஓட்ட விட்டுட்டு புக்கு படிக்கறார்" என்றான். அவன் நண்பன், "வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்" என்றான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புறப்படும் முன் அம்மா கத்தினாள். "அடியே, நம்ம வீட்டுக் கார் டாஷ்போர்டுல பழைய நோட்ஸ் இருக்கும், ஓடிப்போய் எடுத்துட்டு வா."

எடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஐந்தாவது வரி. நான் இழுத்த இரண்டு கோடும் அப்படியே இருந்தன, மை கொஞ்சம் வேறு நிறத்தில். இரண்டு ஏழுக்குப் பக்கத்திலும் பென்சிலால் மும்மூன்று ஆச்சரியக்குறி.

சிக்னலிலேயே தெரிந்துவிட்டது அவருக்கு. தெரிந்துதான் உள்ளே போய் ஏழு என்று சொல்லியிருக்கிறார்.

"கிடைச்சுதா குட்டி?" அப்பா பின்னால் நின்றிருந்தார்.

"கிடைச்சுது."

வாங்கிக்கொண்டார். ஹெல்மெட் போட்ட தலையை என் தலையில் மெதுவாக இடித்துவிட்டுப் போனார்.

பதினேழு கார்களில் பதினான்காவது இடம். அம்மாவுக்குக் கோபம், "நீங்க லேட்டா சொல்றீங்க" என்று வழியெல்லாம் சண்டை. ஸ்டாப்வாட்ச் ரொம்ப நாள் கழித்து இன்று பட்டியல் போட்டிருக்கிறார். வலதும் இடதும் ஒரே அளவு மோசமாம்.

இன்று எப்போதும்போலப் போர்வைக்குள் ஒளிந்து இல்லை, விளக்கைப் போட்டு மேஜையில் எழுதுகிறேன். சற்றுமுன் அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னும் தூங்கலையா?"

"பூகோளம்."

"அதுல என்னடி திடீர்னு அவ்ளோ ஆசை" என்று திரும்பியவர், வலது பக்கம் இருந்த நாற்காலியில் நன்றாக இடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அம்மா, கார்க் குரலில்: "வலது, நாற்காலி."

"இப்ப யாரு லேட்டு?" என்றார் அப்பா, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.