கையால் போட்ட எடை

கோட்டக்குப்பம்
13.2.2006, திங்கள்

அன்புள்ள அஸ்வினி,

உங்கள் குப்பத்துக்கு வந்திருக்கிற புதுப் படகின் எடை பொய்யடி, பேப்பரில் தொள்ளாயிரம் கிலோ, ஆனால் வரைபடத்தின்படி அறுநூற்றுப் பத்துதான், நானே கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துவிட்டேன்!

ஹாஸ்டலில் பக்கத்தில் யாராவது இருந்தால் இந்த மெயிலை மூடிவிட்டு அப்புறம் படி. நான் வழக்கமாகப் போகிற பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதவில்லை. என் முதலாளி தட்சணாமூர்த்தி இன்று காலையில், "எந்த சென்டருக்கும்மா போற நீ?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். கிளியனூர் ரோட்டில் அவருடைய படகுப் பட்டறையில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன், ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அதனால்தான் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தேன்.

விஷயம் இதுதான். படகு வரைபடத்துக்குத் தமிழில் பெயர் போடச் சொன்னார். அந்த டிசைன் சாஃப்ட்வேர் என்றால் எனக்கு உயிர், உனக்குத்தான் தெரியுமே, யாரும் சொல்லித்தராமல் நெட்டில் கேட்டுக் கேட்டே கற்றேன். ஒரு பாகத்தை வரைந்து, இது ஃபைபர், இது இரும்பு என்று சொன்னால் போதும், எடையை அதுவே கணக்குப் போட்டுவிடும். அதற்காகவே அதைக் கும்பிடலாம்! விளையாட்டுக்குப் படகு உடம்பின் தடிமனைப் பாதியாக்கிப் பார்த்தேன். தொள்ளாயிரம். இரண்டு மடங்காக்கினேன். அப்போதும் தொள்ளாயிரம்!

உன் கணக்கு வேண்டாம், எடையை நானே சொல்கிறேன் என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டுக் கையால் எண்ணை அடிக்கிற வசதி அதில் உண்டு. எஞ்சினுக்கு அப்படிச் செய்வது தப்பே இல்லை. எஞ்சினை வெறும் பெட்டியாகத்தான் வரைவோம், அதன் தகட்டில் எழுதியிருக்கிற எடையை அடித்துவிடுவோம். ஆனால் படகு உடம்பு எங்கள் பட்டறையிலேயே செய்வது. அதற்கு எதற்குக் கையால் எடை? டிக்கை எடுத்தேன். அறுநூற்றுப் பத்து என்று காட்டியது.

அவரிடமே கேட்டேன். "மொத படகையே எடை போட்டுத்தாம்மா அந்த நம்பர அடிச்சேன். நவம்பர்ல, உங்க மரக்காணம் உப்பு எடைமேடைல, லாரியோட ஏத்தி" என்றார். வேறு எந்த மாதம் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். நவம்பர் மழையில் உப்பளமெல்லாம் ஏரியாகக் கிடந்தது, எடைமேடைக் குழியில் தண்ணீர், பொங்கல் வரைக்கும் கேட்டையே திறக்கவில்லை. என் அம்மா அந்தோணியம்மாள் அங்கேதானே மூட்டை ஏற்றுகிறாள்? இரண்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டார்.

உன் அண்ணன் அரவிந்தனிடம் சொன்னேன். "லேசா இருந்தா நல்லதுதானே மேரி? பழசுக்குப் பத்து பேர் வேணும், இது ஆறு பேர் தள்ளினாலே கடல்ல எறங்குது" என்கிறார். குப்பம் முழுக்க அந்தச் சந்தோஷத்தில்தான் இருக்கிறது. உன் அப்பா, "உப்பள பொண்ணுக்குப் படகப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டார். அஸ்வினி, லேசு எங்கிருந்து வந்தது? உடம்பு மெல்லிசு, ஃபைபரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அலை உடைகிற இடத்தில் பத்து நாள் அடி வாங்கினால் பிளந்துவிடும். மீனவர் சங்கத் தலைவர் என்ற முறையில் உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டால் இதேமாதிரி இன்னும் இருபது படகு வரும். அன்றைக்கே உன் அண்ணன் இதைக் கடலில் ஓட்டிக்காட்டப் போகிறாராம்.

நீ போன் செய்து சொன்னால்தான் கேட்பார்கள். பட்டறைக்குத் தெரியாமல் படகை லாரியில் ஏற்றி உப்பு எடைமேடையில் போட்டுப் பார்க்கச் சொல்.

உன்
மேரிசெல்வி


மரக்காணம்
18.2.2006, சனி, காலை

அன்புள்ள அஸ்வினி,

எடை போட்டுவிட்டார்கள், தொள்ளாயிரத்து ஐந்து கிலோ, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்கு இப்போதுதான் நிஜமாகப் பயமாக இருக்கிறது!

பட்டறைக்குத் தெரியாமல் என்று எழுதியிருந்தேனே. உன் அண்ணன் நேரே அங்கேயே போய், எடை போடப்போறோம் சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒளித்துச் செய்தால் மரியாதை இல்லையாம். புதன்கிழமையே பட்டறை ஆள் வந்து, பெயிண்ட் சரியில்லை என்று படகை எடுத்துப்போனான். நேற்றுத் திரும்பி வந்தது, நேராக எடைமேடைக்கு. உன் அப்பா சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "கம்ப்யூட்டர் சொல்றத வுடு, மேடை சொல்றதப் பாரு" என்றார். கூட வந்த காசிலிங்கம் மாமா ஒருபடி மேலே போய், "டேய், மேரி தலைல ஒரு மூட்டை உப்ப ஏத்துங்கடா, புத்தி சமமா நிக்கட்டும்" என்றார். அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. கரையில் படகை இறக்கும்போது ஆட்களை எண்ணியிருக்கிறாள். பத்து பேர். போன வாரம் ஆறு பேர் தள்ளிய அதே படகு! "முன்னாடி புடிச்சவனுங்களுக்கு மூஞ்சி செவந்துபோச்சு, பின்னாடி புடிச்சவன் பீடி குடிச்சினு வர்றான்" என்றாள். இருபது வருஷம் மூட்டை தூக்கியவள், பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

இன்று விடிந்ததும் போய்ப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஒரு மூடிய அறை இருக்கிறதே, கவிழ்ந்தாலும் படகு மிதக்கட்டும் என்று ஃபோம் அடைத்து மூடுவார்களே, அதன் மூடி ஓரம் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பின்பக்க அறையைத் தட்டினால் ஒரு சத்தம், முன்பக்கம் தட்டினால் ஊமையாக இருக்கிறது. ஃபோமை எடுத்துவிட்டு மணலையோ எதையோ வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரில் எண்ணை அடித்தவர் இப்போது படகிலேயே அடித்துவிட்டார். மெல்லிசு அப்படியேதான் இருக்கிறது. இனி பிளந்தால் மிதக்கக்கூடச் செய்யாது, தலைகுப்புறப் போகும்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "கம்மின்னாலும் தப்பு, சரின்னாலும் தப்பா? உனக்கு எம்மேலயே சந்தேகம்" என்று எழுந்து போய்விட்டார். உண்மையைச் சொல்கிறேன், ஒருநாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். ஏன் போய்ச் சொன்னார், அவருக்கு என்ன கிடைத்தது என்று. இப்போது இல்லை. ஏதாவது கிடைத்திருந்தால் நாளைக்கு அவர் அந்தப் படகில் ஏறமாட்டார் அல்லவா? அலையைக் கடக்கும்போது முன்னால் நிற்கப்போவது அவர்தான் அஸ்வினி.

இதைப் படித்ததும் பஸ் ஏறு. உன் அம்மா வசந்தா அத்தையிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டு. பக்கத்து வீட்டு அக்காக்களையும் கூப்பிடு. ஆண்கள் என் பேச்சைத்தான் கேட்கமாட்டார்கள், நீங்கள் பத்து பேர் படகைச் சுற்றி நின்றால் என்ன செய்வார்கள்? ஒரு உளி போதும், அந்த மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே ஃபோம்தான் இருக்கிறது என்றால் குப்பம் முழுக்கக் கேட்க மன்னிப்புக் கேட்கிறேன், உன் அண்ணன் கண்ணிலேயே இனி படமாட்டேன். திறக்கிற வரைக்கும் அவரை ஏறவிடாதே. உன் அண்ணன் என்பதற்காக மட்டும் கேட்கவில்லை.

எங்கள் தெரு எஸ்டிடி பூத்துக்குப் போன் செய், வாசலிலேயே நிற்கிறேன். மாதா உங்கள் எல்லாரையும் கரையிலேயே வைத்திருக்கட்டும்.

உன்
மேரிசெல்வி