முழங்கால் ஆபரேஷனில் வந்த பை

ரவ்தா, குவைத்
3 மார்ச் 2019

அனூத்துக்கு,

சலாம். அதைச் சொல்லாமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை. அதற்கு மேல் இன்று உனக்குத் தர என்னிடம் நல்ல வார்த்தை கிடையாது. போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். அதனால் காகிதத்தில் எழுதி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை நானும் ஹெஸ்ஸாவும் உன் அம்மாவைப் பார்க்கப் போனோம். முழங்கால் ஆபரேஷன் ஆனவரை விசாரிக்கப் போகாமல் இருந்தால் நாளைக்கு எங்கள் முகத்தில் யார் விழிப்பார்கள்? பெரிய பாத்திரம் நிறையக் கோழி சூப் எடுத்துப் போனோம். மாடியிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்து கதவைத் திறந்தது உன் அம்மாதான்.

"கால் எப்படிம்மா இருக்கு?" என்று ஹெஸ்ஸா கேட்டாள். அவர் எங்களைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல சோபாவில் உட்கார்ந்து, போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னத்தச் சொல்ல, வலி விடமாட்டேங்குது" என்றார். எந்தக் கால் என்று கேட்டதும் முதலில் வலதைத் தொட்டார், அப்புறம் இடதை. எழுபது வயதில் பெற்றவளைப் பொய் சொல்ல வைத்தாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

மறுநாளே ஒரு கல்யாணத்தில் விலை உயர்ந்த புதுக் கைப்பையோடு வந்து நின்றாய். கம்பெனிப் பெயர் பொறித்த பக்கம் எங்களைப் பார்க்கும்படி மேசையில் வைத்தாய்.

கூடப் படித்த பத்துப் பேர் என்னிடம் போடும் சீட்டு இது. மாதம் ஆளுக்கு நூற்றைம்பது தினார். குலுக்கலில் விழுந்த வரிசைப்படி மாதம் ஒருத்திக்கு மொத்தமாக ஆயிரத்து ஐந்நூறு. வீட்டில் நோய் என்று ஒருத்தி சொன்னால் மட்டும் அவளுக்கு முதலில். அதற்குச் சான்று கேட்பதில்லை, கேட்பது அசிங்கம். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சொல்லிச் சீட்டை முதலில் வாங்கி, அந்த ஒரு மரியாதையைத்தான் நீ தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறாய்.

சபீக்கா


அதைலியா
6 மார்ச்

சபீக்காவுக்கு,

அலைக்கும் சலாம். சூப்புக்கு நன்றி, உப்பு கொஞ்சம் கூடுதல் என்று அம்மா சொன்னார்.

நான் மட்டும்தான் குற்றவாளியா? உன்னோடு சூப் தூக்கி வந்த ஹெஸ்ஸா, கணவன் கல்யாணத்தில் கொடுத்த மஹர் நகையில் பாதியை விற்றுத்தான் அந்தப் பச்சைப் பையை வாங்கினாள். நகை லாக்கரில் இருக்கிறது என்று அவள் கணவன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான். மூழி, சமையலறையை இடித்துக் கட்ட என்று வங்கிக் கடன் வாங்கினாள். அடுப்படியில் ஒரு ஓடுகூட மாறவில்லை, கைப்பைதான் மாறியது. கனீமா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பையை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிறாள். மேசையில் யாராவது காப்பி ஊற்றினால் அவளுக்கு உயிரே போய்விடும்.

போன ரம்ஜானில் உன் வீட்டு விருந்துக்குப் பழைய துணிப்பையோடு வந்தேன். "அனூத், அதைக் கீழ வையேன், போட்டோவுல தெரியுது" என்று சொன்னது யார்? நீதான். பத்துப் பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கீழே வைத்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

நான் யாருடைய பணத்தையும் திருடவில்லை. என் தவணை மாதா மாதம் தவறாமல் வரும். எனக்கு ஏன் இந்த விசாரணை?

அனூத்


ரவ்தா
9 மார்ச்

அனூத்,

துணிப்பை விஷயத்தில் நான் செய்தது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உனக்குத் தன் பிப்ரவரி முறையை விட்டுக்கொடுத்தவள் தைபா. விவாகரத்து ஆனதிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு அண்ணன் வீட்டில் ஒரே அறையில் கிடக்கிறாள். அண்ணி ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள். சால்மியாவில் சின்ன வீடு பார்த்து வைத்திருந்தாள், முன்பணம் கட்ட முடியாமல் அது கைவிட்டுப் போயிற்று. இப்போது அவளுக்கு உன் முறைதான், கடைசியில், நவம்பரில். திருடவில்லை என்கிறாயே, அந்தப் பிள்ளைகளின் ஒன்பது மாதத்தை வேறு என்னவென்று சொல்வது?

பையை விற்று, கிடைத்ததை அவளிடம் கொடு. உன் தவணையை வழக்கம்போல் கட்டு. நவம்பர் சீட்டை நீ எடுத்துக்கொள். வேறு யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம்.

சபீக்கா


அதைலியா
2 ஏப்ரல்

சபீக்காவுக்கு,

நீ சொன்னபடியே பையை விற்க, பழைய பைகள் வாங்கும் கடைக்கு எடுத்துப் போனேன், அல்லாஹ் சாட்சி. கடைக்காரர் சொன்னது இது: "பணமா வேணும்னா எழுநூறு. வேற பையா எடுத்துக்கிட்டா ஆயிரத்து இருநூறுன்னு வச்சுக்கலாம்." நீயே சொல், தெரிந்தே ஐந்நூறு தினாரை யாராவது தூக்கிப் போடுவார்களா? சாம்பல் நிறத்தில் சின்னது ஒன்று இருந்தது. மாற்றிக்கொண்டேன்.

இதை நல்ல விலைக்கு விற்றுவிடலாம். பெருநாள் கழியட்டும். தைபாவிடம் நானே பேசுகிறேன்.

கோபிக்காதே.

அனூத்


ரவ்தா
20 ஜூன்

அனூத்,

பெருநாள் கழிந்து இரண்டு வாரம் ஆயிற்று. தைபாவிடம் நீ பேசவில்லை.

நேற்று என் வீட்டில் எல்லோரும் கூடினோம், நீ மட்டும் வரவில்லை. உன் அம்மாவின் கால் கதையை ஹெஸ்ஸா ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். தைபாவின் சின்ன மகளுக்குக் காதில் ஆபரேஷன். இந்த மாதச் சீட்டைக் கேட்டாள். மூழி சொன்னாள், "தப்பா நெனைக்காத தைபா. அனூத் பண்ணுன வேலைக்கு அப்புறம் எங்களுக்கும் பயமா இருக்குல்ல. ஆஸ்பத்திரிக் காயிதம் ஏதாவது இருந்தா காட்டேன்."

தைபா கையோடு கொண்டு வந்திருந்தாள். ஜம்இய்யா கூட்டுறவுக் கடையின் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, பிள்ளையின் அடையாள அட்டை. காப்பித் தட்டு சுற்றுவதைப் போல அவை கைமாறிக்கொண்டே போயின. எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். யாருக்கும் உட்காரச் சொல்லத் தோன்றவில்லை.

திரும்பும்போது அவளை என் காரில் கொண்டுபோய் விட்டேன். உனக்காக நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்கு அப்பவே தெரியும் சபீக்கா. அவ சீட்டு கேட்டு என்கிட்ட வந்து அழுதுட்டுப் போன அன்னிக்குக் காலையில மீன் மார்க்கெட்ல அவங்கம்மாவப் பாத்தேன். குனிஞ்சு குனிஞ்சு மீன் பொறுக்கிட்டிருந்தாங்க."

"பின்ன ஏன்டி விட்டுக்குடுத்த? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கலாம். அவகிட்ட நான் சான்று கேட்டா, நாளைக்கு என்கிட்டயும் கேப்பாங்க. உங்க யார்கிட்டயும் கேக்க மாட்டாங்க, புருஷன் இருக்கான், வீடு இருக்கு. எனக்குன்னு இருந்தது சான்று கேக்காத அந்த மரியாதை ஒண்ணுதான்."

சீட்டுப் பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அடுத்த சீட்டில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றாள். உன் பெயரை நான் சேர்க்கவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. உன்மேல் எனக்குள்ள கோபம் இந்த ஜென்மத்தில் தீராது. ஆனால் எனக்கு இன்று சோறு இறங்காததற்குக் காரணம் நீ மட்டும் இல்லை. அந்தக் காகிதங்கள் என் கைக்கும் வந்தன, அனூத். நானும் வாங்கினேன். தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவளிடம் கொடுத்தேன்.

சபீக்கா