யென்ஸின்ரை வில்லு

சனி இரவு, ஆடி 1986, கிரின்ஸ்டெட்

பக்டரியிலை எனக்குப் பக்கத்திலை நிண்டு வேலை செய்யிற யென்ஸ் ஆவணியிலை அரிசோனாப் பாலைவனத்துக்கு மான் வேட்டைக்குப் போறார். இஞ்சை, இந்தக் குளிர் நாட்டிலை, வில்லாலை மான் அடிக்க விடமாட்டாங்கள். நான் வன்னி வெயில் கண்டவன் எண்டு, இண்டைக்கு ஊருக்கு வெளியிலை மணல் தரையிலை நடந்து பழக என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அரிசோனாக் காட்டிலை தண்ணி கிடையாது எண்டு அவரே சொல்லுறார். பிறகு ரெண்டு போத்தில் கொண்டு போனால் காணும் எண்டுறார். வழியெல்லாம் அம்பைப் பற்றித்தான் கதை.

மத்தியானம் ஒரு மேட்டிலை நிண்டு, "பார், எனக்கு வேர்க்கவே இல்லை. பழகிட்டுது" எண்டார். முகம் சிவந்து, நெத்தி காய்ஞ்சு கிடந்தது. கண் சொருகிச்சுது. வெயிலிலை இப்பிடி வேர்வை நிண்டு செத்துப்போன ஒராளை நான் வன்னியிலை கண்டனான். இவரை நிழலிலை இருத்தித் தலையிலை தண்ணி ஊத்தினன். தெளிஞ்ச உடனை என்னிலை சீறினார்.

"கிர்ஸ்டனுக்கு ஒண்டும் சொல்லாதை."

திரும்பி வர, அவரின்ரை வீட்டு வாசலிலை மனுசி கிர்ஸ்டன் கேட்டா, "எப்பிடி நடந்தவர்?"

"நல்லா நடந்தவர்" எண்டிட்டன்.

இந்த வெயிலுக்கே இப்பிடியெண்டால் அங்கை?

வழியிலை அவரிட்டை வாங்கித் தூக்கின வில்லை, வந்த அவசரத்திலை தோளோடை என்ரை அறைக்குக் கொண்டு வந்திட்டன். இப்ப கட்டிலுக்குக் கீழை கிடக்கு. காலமை கேட்டு வருவார். குடுத்தால் அரிசோனாவுக்குப் போயிடுவார். கிர்ஸ்டனிட்டைச் சொன்னால் அவர் பிறகு என்னோடை கதைக்கமாட்டார்.

இந்த ஊரிலை என்னோடை கதைக்கிறது அந்த மனுசன் மட்டுந்தான்.