தோணிக்காரனுக்கு இந்த வருஷம் மெஷின் போட்ட கணக்கு

என் அக்கா ஜெயினம்பு லாத்தா,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமேல் என்னைப் படிக்க விடவில்லை. விடாதது யார் என்று உனக்குத் தெரியும், அந்த ஆளின் பேர் இன்னும் என் நாக்கில்தான் நிற்கிறது. மவுத்தாகிப் போய்விட்டவளிடம் நல்லா இருக்கியா என்று கேட்கலாமா? கேட்டுவிட்டேன். பதில் சொல்வது உன் பாடு.

இங்கே நம்ம ஆட்கள் போடுகிற ஆண்டு மலரில், போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுத நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். என் பேத்தி கயல்தான் வந்து சொன்னாள். "அப்பத்தா, எதிர்வீட்டு உம்மம்மாவுக்கு நீங்க எழுதுங்க." ஊரே படிக்கும் என்றாள். படிக்கட்டும். நமக்குள் என்ன ரகசியம்?

புது சீசன் வந்துவிட்டது லாத்தா. அடுத்த வாரம் பேஸ்பால் தொடங்குகிறது. கயல் கணக்கை எல்லாம் முடித்துவிட்டாள். உன் தோணிக்காரனுக்கு மெஷின் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? சொல்கிறேன், கொஞ்சம் பொறு. உனக்கு எப்பவும் அவசரம். ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குக் கிளம்புகிற அளவுக்கு அவசரம்.

பரமக்குடிக்காரிக்கும் கீழக்கரைக்காரிக்கும் அஜ்மானில் உட்கார்ந்து அமெரிக்காக்காரன் பந்தாட்டம் பார்க்க என்ன விதி என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். விடிந்தும் விடியாமலும் என் மகன் துபாய் டிராஃபிக்குக்குப் பயந்து காரை எடுத்துவிடுவான். உன் மகன் ரஃபீக் ஷார்ஜா தொழில்பேட்டைக்கு ஓடுவான். பேரப்பிள்ளைகளை ஸ்கூல் பஸ் அள்ளிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு அந்த மாடியில் ஏசி சத்தம்தான். நீ சுபுஹு தொழுதுவிட்டு, தஸ்பீஹ் மணிமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாய். வீட்டிலிருந்தே ராத்திரி வேலை பார்க்கிற கயலுக்கு அதுதான் ட்யூட்டி முடிகிற நேரம். அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம், நமக்குக் காலை டீ.

கயல் வேலை என்ன என்று நாம் புரிந்துகொண்ட அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வரப்போகிற சீசனில் எந்த ஆட்டக்காரன் எப்படி அடிப்பான் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவள் கம்பெனிக்குத் தொழில் என்றதும் நீ பாதி டீயோடு எழுந்துவிட்டாய்.

"குட்டி, இது ஜோசியமா? ஜோசியம்னா நான் போறேன். எங்க மார்க்கத்துல கூடாது."

"ஐயோ உம்மம்மா, ஜோசியம் இல்ல. கணக்கு. ப்யூர் கணக்கு."

"கணக்குன்னா சரி. கணக்கு ஹலால்" என்று மறுபடி உட்கார்ந்தாய்.

அவளும் பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொருத்தனும் முன்னே மூன்று வருஷம் எப்படி ஆடினான் என்று எடுப்பார்களாம். போன வருஷத்துக்கு எடை அதிகம். அதற்கு முந்தின வருஷத்துக்குக் குறைவு. அதற்கும் முந்தினதற்கு இன்னும் குறைவு. ஒரு வருஷம் தாறுமாறாக அடித்தவனை மெஷின் அப்படியே நம்பாது, நடுவுக்கு இழுக்கும். ஒரேயடியாகச் சொதப்பினவனையும் கைவிடாது, அவனையும் தூக்கி நடுவுக்குக் கொண்டுவரும். கடைசியாக வயசைப் பார்க்கும்.

"அந்த மூணு வருஷத்துக்கும் முந்திச் செஞ்சதெல்லாம்?" என்று கேட்டேன்.

"ஆல்மோஸ்ட் சீரோ அப்பத்தா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப என் மூத்த நாத்தனா மறுவீட்டுச் சாப்பாட்டுல எனக்கு மட்டும் இலை போடாம விட்டாளே, அது கணக்குல வராதா?"

உனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "மீனாச்சி, உன் மெஷின்ல எல்லா வருசத்துக்கும் ஒரே எடைதான்டி."

ஆமாம். அதில் என்ன தப்பு? மறந்துபோகிறவர்களுக்குத்தானே எடைக்கல் மாற்ற வேண்டியிருக்கிறது.

அன்றைக்கே ஆளுக்கொருத்தனைப் பிடித்துக்கொண்டோம். எனக்கு அந்த ஒல்லிப் பையன், ஓணான் மாதிரி சரக்கென்று மூலைக்கு மூலை ஓடுகிறவன். நீ பிடித்தது எல்லாரிலும் வயசானவனை. தாடி நரைத்து, தொப்பை விழுந்து, மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காலை அகட்டி அகட்டி ஆடி வருவானே, அவனை. "இவன் எங்க வாப்பா மாதிரி நடக்குறான் மீனாச்சி. தோணியில பொழச்ச மனுசன் கரையேறினா இப்படித்தான் நடப்பான். தரை நிலையா நிக்குதுன்னு அவுகளுக்கு நம்பிக்கையே வராது." அன்றிலிருந்து அவன் தோணிக்காரன். அவன் சொந்தப் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

கயலுக்கு உன் தேர்வு பிடிக்கவில்லை. "அவருக்கு முப்பத்தெட்டு ஆச்சு உம்மம்மா. இந்த வயசுக்கு மேல கோடு கீழதான் போகும். பாருங்க, நடுவுல இருக்கறதுதான் எங்க நம்பர். எல்லாம் நல்லா அமைஞ்சா மேல இந்த நுனி வரைக்கும் போகலாம். அமையலன்னா கீழ இந்த நுனி."

"அந்த மேல் நுனிய எனக்கு எழுதிக்கோ."

"அது நடக்கறதுக்கு ரொம்ப சான்ஸ் கம்மி."

"நடக்கவே நடக்காதுன்னு சொல்லுதா உன் மெஷின்?"

"அப்படிச் சொல்லாது."

"பெறகென்ன?" என்றாய். அப்புறம் சும்மா இல்லாமல், "எனக்கு எழுபது. என் கோடு எங்க போகுதுன்னு பாரேன்" என்று கேட்டாயே, அந்தப் பிள்ளை முகம் செத்துப்போயிற்று. நீ அவள் தாடையைப் பிடித்து ஆட்டினாய். "சும்மா கேட்டேன் குட்டி. அத மேல இருக்கறவன் போட்டுக்குவான்."

மிளகாய்க் கதையையும் எழுதிவிடுகிறேன், மலரில் வரட்டும். போன சீசனில் தோணிக்காரன் பந்தைத் தொடவே மாட்டேன் என்று இருந்தான். டிவியில் அத்தனை பேர் கண்ணும் அவன் மேல் விழுந்தால் என்ன ஆகும்? கல்லுப்பும் வரமிளகாயும் எடுத்து டிவியை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அவன் எங்கயோ இருக்கான், இவ பொட்டிக்குச் சுத்துறா!" அடுத்த நிமிஷம் கட்டிடம் முழுக்க நெருப்பு மணி அலறியது. பெங்காலி வாட்ச்மேன் படியேறி வந்து, "யல்லா அம்மா, யல்லா! ஜல்தி!" என்று நம் இரண்டு பேரையும் கீழே விரட்டினான். பார்க்கிங் மணலில் ஊரே தும்மிக்கொண்டு நிற்க, நீ ஒரு கையில் தஸ்பீஹும் ஒரு கையில் டிவி ரிமோட்டுமாக நின்றாய்.

மேலே வந்து பார்த்தால் அவன் பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடித்திருந்தான். நாம் மணலில் நின்ற நேரத்தில்! போட்டதையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். நான் உன்னைப் பார்த்தேன். "அல்லாஹ் குடுத்தான். உன் மொளகா இல்ல" என்றாய். நீ எதையும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டாய். அதனால்தான் உன்னோடு எனக்கு ஒத்துப்போனது.

அந்த சீசன் முடிவதற்குள் ரஃபீக்குக்கு வேலை போயிற்று. விசா முடிகிறது, குடும்பத்தோடு போய்விட வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. எந்த நாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு காலையில் டீ போட்டு, டிவியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓணான் வந்தான், போனான். தோணிக்காரன் வந்தான். நீ வரவில்லை. உன் டீயில் ஆடை படர்ந்துவிட்டது. எழுந்துபோய் உன் கதவைத் தட்டினேன். வாட்ச்மேன் வந்து, யாரும் இல்லை என்று கையை விரித்தான். "மாஃபி, அம்மா. பூரா ஃபேமிலி கலாஸ்."

கலாஸ். ஒரே சொல்லில் முடித்துவிட்டான்.

பிறகு உன் போன் வந்தது. நான் எடுக்கவில்லை என்று நினைக்காதே, எடுத்தேன், பேசினேன். சண்டை போட மட்டும் போனில் எனக்கு வராது. நேரில் வைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்து வைத்தேன். நேரில் நீ வரவே இல்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக ஒரு நாள், அடுத்து வந்த சேதி அந்தச் சேதி. எதிர்வீட்டில் அதற்குள் வேறு யாரோ குடிவந்து புதுச் செருப்பு அடுக்கியிருந்தார்கள். நான் யார் வீட்டில் போய் அழுவேன்?

கோபத்தை ரஃபீக் மேல் வைத்தேன். அவன்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு போனவன்? என் கதவைத் தாண்டித்தானே லிஃப்ட்டுக்குப் போகவேண்டும்? கயல் சொல்லிப் பார்த்தாள். "ஒரு நாள் ஆட்டத்த வச்சு ஒருத்தர எடை போடக் கூடாது அப்பத்தா. ரஃபீக் மாமா நமக்கு எவ்வளவு செஞ்சிருக்கார்."

"அதெல்லாம் பந்து அடிக்கிறவனுக்கு. என் லாத்தாவைத் தூக்கிட்டுப் போனவனுக்கு இல்ல."

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவன் வந்தான் லாத்தா. மறுபடி ஷார்ஜாவிலேயே வேலை கிடைத்து, ஒண்டியாக ரூமில் இருக்கிறானாம். வருகிறேன் என்று கயலிடம் முன்னாலேயே சொல்லியிருந்தான். நான் திறக்கமாட்டேன் என்று நானும் முன்னாலேயே சொல்லியிருந்தேன். மணி அடித்தான். கதவு ஓட்டையில் கண்ணை வைத்து நின்றேன். மறுபடி அடித்தான். கயல் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். அவன் திரும்பி நடந்தான்.

அவன் முதுகைப் பார்த்தேன். காலை அகட்டி அகட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து, தரை நிலையாக நிற்கும் என்ற நம்பிக்கையே இல்லாத மாதிரி நடக்கிறான்.

எதிர்வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவனின் நடை எப்படி என் கண்ணில் படாமல் போனது? அப்போதெல்லாம் அவன் ஓடிக்கொண்டே இருந்தான். அவன் மெதுவாக நடந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். உன் வாப்பாவை நான் கண்டதில்லை. ஆனால் அது அவர் நடை என்று சத்தியம் செய்வேன்.

கதவைத் திறந்துவிட்டேன். "டேய் ரஃபீக். நில்லுடா."

"சாச்சி..."

"செருப்ப வெளிய விட்டுட்டு வா."

டீ கொடுத்தேன். ஏலக்காய் போடவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட முடியுமா?

"ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போனா குறைஞ்சா போயிருவ?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "உம்மாதான் சாச்சி. நடுராத்திரி பெட்டிய எல்லாம் லிஃப்ட்டுல ஏத்தினப்புறம் உங்க கதவுகிட்ட வந்து நின்னுச்சு. நான் பெல்லுல கை வச்சேன். தட்டி விட்டுருச்சு. 'அவ மூஞ்சியப் பாத்தா நான் போக மாட்டேன்டா'ன்னுச்சு. கதவத் தடவிட்டு வந்துருச்சு."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏலக்காய் டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன்.

அவன் அங்கிருந்தே சொன்னான். "ஊர்லயும் காலைல போன்ல ஆட்டம் பாக்கும். ஆஸ்பத்திரியில கூட அதே பேச்சு. 'வர்ற சீசனுக்கு மீனாச்சிய மொளகா சுத்தச் சொல்லு. அல்லாஹ்கிட்ட நான் பேசிக்கிறேன்'னு சொல்லுச்சு."

அவனுக்கு இரண்டாவது டீ போட்டேன். இதில் ஏலக்காய் போட்டேன்.

ஆக, என் கோபம் இருக்கவேண்டிய இடம் அவன் இல்லை, நீ. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாய், இந்தப் பக்கம் நான் இருந்திருக்கிறேன். என் மூஞ்சியை நீ பார்க்க வேண்டாம், சரி. உன் மூஞ்சியை நான் பார்க்க வேண்டாமா? இந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை லாத்தா. கயல் மெஷினில் வருஷம் போகப்போக எடை குறையட்டும். என்னிடம் குறையாது. இதையும் விட்டுவிட்டால் காலையில் உன்னோடு நான் எதைப் பேசுவேன்?

இப்போது உன் தோணிக்காரன். கணக்கு நன்றாக இல்லை. பாதி ஆட்டத்துக்கு வெளியேதான் உட்காரவைப்பார்களாம். வேலிக்கு அப்பால் போகிற பந்துகளை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிட்டது மெஷின். மேல் நுனி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு அப்பத்தா, ரொம்பச் சின்னதா" என்றாள். உன் பேருக்கு எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

முதல் ஆட்டத்தன்றைக்கு உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு கீழே பார்க்கிங் மணலுக்குப் போவேன். வாட்ச்மேனிடம் பேசியாகிவிட்டது. டிவியைச் சுற்றினால்தானே பலிக்கும் என்று கேட்காதே, ரஃபீக் போனில் தோணிக்காரன் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பான், அதைச் சுற்றிப் போடுவேன். மேலே வந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, கதவைத் தாழ் போடாமல் வைப்பேன். இந்தத் தடவை பெல்லே தேவையில்லை. நேரே உள்ளே வா.

உன்னை விட்டுக்கொடுக்காத,
எதிர்வீட்டுத் தங்கச்சி
மீனாட்சி