கறுப்பு ரிமோட்

2019 டிசம்பர் 9, திங்கள்

எழுத்து மேலும் கீழும் போவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டைப் படிக்கப் போவது நான் மட்டும்தான். ‘ழ’வின் வால் இன்னும் எனக்கு அடங்கவில்லை. மண்வெட்டி பிடித்த கை. வயது அறுபத்தொன்பது. மாலை வகுப்பில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். ஆனாலும் ‘கண்ணையன்’ என்று எழுதி, அதை நானே வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது. இத்தனை வருஷமாக என் பெயர் இப்படித்தான் இருந்ததா?

இன்று உள்ளாட்சித் தேர்தலுக்கு மனு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் வார்டு மெம்பருக்கு நிற்கப் போகிறேன். காரணம் தண்ணீர். குடிதண்ணீர்க் குழாய் மாரியம்மன் கோயில் வளைவோடு நின்றுவிட்டது. வளைவுக்கு இந்தப் பக்கம் எங்கள் கீழத்தெரு, பத்தொன்பது வீடு. என் வீட்டுக்காரி மலர்கொடி வீங்கிய முழங்காலோடு தினம் ஆறு நடை நடக்கிறாள். குழாய் கேட்டு என் கையாலேயே மூன்று மனு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

நிற்கப் போவதை அவளிடம் சொன்னேன். “எழுதப் படிக்கத் தெரிஞ்சதும் கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஜெயிச்சா கொழா வந்துருமா?” என்றாள்.

டிசம்பர் 12

மனுவில் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டுக்காக மை டப்பாவை என் பக்கம் நகர்த்திய ஆபீசர், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 19, வியாழன்

சின்னம் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேர் நிற்கிறோம். மேலத்தெரு திருமுருகனுக்கு செல்போன். வைத்திலிங்கத்துக்குக் கத்தரிக்கோல். எனக்கு டிவி ரிமோட்.

சின்னம் அச்சடித்த சின்னத் தாள் ஒன்று தந்தார்கள். ரிமோட் சாய்ந்து கிடக்கிறது; வெறும் கோடு, உள்ளே நாலைந்து புள்ளி. சோப்புக் கட்டியை எறும்பு மொய்த்தது போல இருக்கிறது. இதைக் காட்டி யாரிடம் ஓட்டுக் கேட்பது?

ஓட்டுச் சீட்டில் என் பெயர் அச்சாகி வரும் என்று நினைத்திருந்தேன். வார்டு மெம்பர் சீட்டில் பெயர் கிடையாதாம். சின்னம் மட்டும்தான். கொஞ்சம் வருத்தம்தான்.

டிசம்பர் 20

பெரம்பலூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸ் கடை. கம்ப்யூட்டரில் படம் போடுவது வளர்மதி என்கிற பெண். சோப்புக் கட்டித் தாளை நீட்டினேன். “இதையே ஸ்கேன் பண்ணிப் போட்ருவோம் தாத்தா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்றாள்.

நான்தான் கேட்கவில்லை. நிஜ ரிமோட் மாதிரியே வேண்டும், கையால் எடுக்கத் தோன்ற வேண்டும் என்றேன். மஞ்சப்பையிலிருந்து எங்கள் வீட்டு ரிமோட்டை எடுத்து வைத்தேன். பின்மூடி தொலைந்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பது.

“ரப்பர் பேண்டும் வரணுமா?”

“இருக்கறத போடும்மா.”

“ஓட்டு கேக்கப் போறீங்களா, ரிப்பேருக்குக் குடுக்கப் போறீங்களா?”

வெறும் வெள்ளைத் திரை. அதில் ஒரு நீளக் கட்டம் போட்டாள். நாலு மூலையையும் உருட்டினாள். கறுப்பை ஊற்றினாள். ஒரு ஓரத்தைக் கொஞ்சம் வெளுத்து, மறு ஓரத்தை இருட்டாக்கினாள் – தட்டையாகக் கிடந்தது திடீரென்று தடித்துக்கொண்டது! ஒரே ஒரு பட்டன் செய்தாள். பிறகு அதையே நகல் எடுத்து வரிசையாக நாற்று நடுவது போல நட்டாள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் இருப்பது மாதிரியாம், அதற்குப் பெயர் லேயர். ஒன்றை மறைத்தால் மற்றது அப்படியே இருக்கிறது. பட்டன் மேல் 1, 2, 3 எழுதியபோது நான் சத்தமாக வாசித்தேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. அடியில் நிழல் போட்டதும் மேஜை மேல் கிடக்கும் ரிமோட்டாகவே ஆகிவிட்டது.

கடைசியாக மேல் பக்கம் கொஞ்சம் பளபளப்பு வைத்தாள். “இன்னும் பெருசா வையி” என்றேன். நீளச் சதுரமாகக் கண்ணாடி மாதிரி வைத்தாள். “போதுமா தாத்தா?” போதும் தாயே, போதும்.

டிசம்பர் 22

நோட்டீஸ் வந்துவிட்டது. கீழத்தெருவில் எல்லா வீட்டுக் கதவிலும் ஒட்டியாயிற்று. பெண்கள் விரலால் பட்டனை அழுத்திப் பார்க்கிறார்கள். “சித்தப்பா, சீரியலு வரலையே!” என்று ஒரே சிரிப்பு. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் வீடு வீடாக ஒரே பாடம் சொன்னேன்: வார்டு மெம்பருக்கு வெள்ளைச் சீட்டு, என் சின்னம் கறுப்பாக இருக்கும், வரிசை வரிசையாகப் பட்டன், மேலே பளபளப்பு. அதில் குத்துங்கள்.

இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் எனக்கு நினைவில் இல்லை.

டிசம்பர் 27, வெள்ளி

என்னத்த எழுதுறது.

எல்லோரும் போட்ட பிறகு நிற்கிறவன் கடைசியாகப் போடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். காலையில் ஏழு மணிக்குத் திறந்ததுமே கீழத்தெரு மொத்தமும் போட்டுவிட்டு வெங்காயக் கொல்லைக்குப் போய்விட்டது. நான் மூன்று மணிக்குப் போனேன். வெள்ளைச் சீட்டை மறைப்புக்குள் விரித்தேன்.

இரண்டாவதில் அந்த சோப்புக் கட்டி. மூன்றாவதில் செல்போன் – பழைய பட்டன் போன். கறுப்பு உடம்பு. வரிசை வரிசையாகப் பட்டன். மேலே நீளச் சதுரமாக ஒரு கண்ணாடி.

என் நோட்டீசில் இருப்பது அதுதான். அச்சு அசலாக அதுதான்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. “பெரியவரே, குத்தத் தெரியலையா?” என்று மறைப்புக்கு வெளியிலிருந்து ஆபீசரின் சத்தம் வந்தது. தெரியும் சார். எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மலர்கொடியைக் கேட்டேன். மை வைத்த விரலைக் காட்டி, “நீங்க சொன்னபடியேதான் போட்டேன். கருப்பா, பட்டன் பட்டனா இருந்துச்சு. கதவுல ஒட்டுனது கணக்கா அப்படியே இருந்துச்சுங்க” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

எத்தனையாவது என்றேன். மூன்றாவது என்றாள்.

டிசம்பர் 28

வாசலில் போகிற ஒவ்வொருவரும், “கருப்புலதான் குத்துனோம் சித்தப்பா” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லோருக்கும் தலையாட்டினேன்.

டிசம்பர் 31

அந்தப் பெண் சொன்னாளே, ஸ்கேன் பண்ணிப் போடுவோம் என்று. சோப்புக் கட்டியையே ஒட்டியிருந்தால் எல்லோரும் சோப்புக் கட்டியில் குத்தியிருப்பார்கள். எவன் கேட்டான் நிழலை? எவன் கேட்டான் பளபளப்பை? நான் கேட்டேன்.

2020 ஜனவரி 2, வியாழன்

எண்ணினார்கள். செல்போன் 104. கத்தரிக்கோல் 29. ரிமோட் 7.

ஜனவரி 4

குழாயடியில் மேலத்தெருப் பெண்கள் மலர்கொடியைப் பிடித்துக்கொண்டார்களாம். “ஏழு ஓட்டாமே! கட்டுன பொண்டாட்டி போட்டிருந்தாலே எட்டு வந்திருக்குமே.” “இருவது வயசுல கைநாட்டுக்காரனக் கட்டிக்கிட்டா, இப்ப கையெழுத்து வந்ததும் புடிக்கல போல.” அரைக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள். “நான் ஒங்களுக்குத்தாங்க போட்டேன். சாமி சத்தியமா ஒங்களுக்குத்தான் போட்டேன்” என்று அழுதாள்.

நடந்ததை அவளிடம் சொன்னேன். நோட்டீசைக் கதவிலிருந்து உரித்து, பளபளப்பின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். “தெருவுக்கே இப்படியா?” என்றாள். ஆமாம் என்றேன். நாளை மறுநாள் பதவிப் பிரமாணத்துக்கு ஊரே கூடும், அன்று குழாயடிக்குப் போய் எல்லோரிடமும் உண்மையை உடைத்துவிடப் போவதாகச் சொன்னாள். சொல்லட்டும். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 6, திங்கள்

மலர்கொடி குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய நேரம் திருமுருகன் வந்தான். இன்றுதான் பதவிப் பிரமாணம் எடுத்திருக்கிறான். கழுத்தில் இன்னும் துண்டு. கேலி பேச வந்திருக்கிறான் என்று நினைத்தேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான்.

“பெரியப்பா, நான் தலைய எண்ணி வச்சிருந்தேன். எங்க பக்கம் எனக்கு விழ வேண்டியது அறுவதுதான். மீதி அத்தனையும் உங்க தெரு.”

துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“சத்தியமா சொல்றேன், கீழத்தெருவுக்கு ஏதும் செய்யணும்னு எனக்கு எண்ணமே இல்ல. ஒத்த ஓட்டு விழாதுன்னு நெனச்சேன். நீங்க நிக்கறப்பவே எனக்குப் போட்டிருக்காங்க. என்ன நம்பிப் போட்டிருக்காங்க பெரியப்பா.” அவன் கண் கலங்கியிருந்தது. “இவங்களுக்குச் செய்யலன்னா நான் மனுசனா? மொத வேலயே இந்தக் கொழாதான். வர்ற திங்கட்கெழம அளக்க ஆள் கூட்டியாறேன்.”

மலர்கொடி குடத்தோடு நிலைப்படியில் நின்றாள். வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

மூடிக்கொண்டாள்.

“பெரியம்மா, நீங்களும்தானா?” என்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“ஆமாம்பா” என்றாள்.

அவன் போன பிறகு தெருவில் எல்லா வீட்டுக்கும் போய், சின்னம் மாறிப்போனதையும் அதை வெளியே விடக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் எல்லோரும் தினம் குடம் தூக்குகிறவர்கள். யார் கேட்டாலும், தெரிந்தே செல்போனில்தான் போட்டோம் – இனி அப்படித்தான். திரும்பி வரும்போது மலர்கொடி அதே நிலைப்படியில்தான் இருந்தாள்.

“அப்ப, கடைசி வரைக்கும் நான் ஒங்களுக்குப் போடாதவதானா?”

குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு நான் தண்ணீருக்குப் போனேன். குழாயடியில் சிரித்தார்கள். நிரப்பிக்கொண்டு வந்தேன்.

உண்மை இனி எழுத்தில் இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கும். இதை வாசிக்க மலர்கொடிக்குத் தெரியாது. அவளுக்காகவாவது எழுத்தைக் கொஞ்சம் நேராக்கி எழுதுகிறேன்: மலர்கொடி எனக்குத்தான் போட்டாள்.

திங்கட்கிழமை அளக்க ஆள் வந்தால் எத்தனை அடி என்று எழுதுவேன். வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவேன்.